கண்ணால் சொன்னவை

வீடியோ மொத்தம் நாற்பத்திரண்டு விநாடிகள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பயிற்சியாளர் அதை எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "ரைட் சைடுக்கே ஏன் போறா? வீட்ல ஏதாச்சும் பழக்கமா?"

வீடியோவில் ஒரு கறுப்பு லாப்ரடார். அதன் முதுகில் ஹார்னஸ் பட்டை, பட்டையிலிருந்து எழும் கைப்பிடி, கைப்பிடியை இடது கையில் பிடித்து நடந்துவரும் ஒரு பெண். அந்த நாய் நான் வளர்த்தது. எட்டு வாரக் குட்டியாக என் வீட்டுக்கு வந்து, பதினான்கு மாதம் என்னோடு இருந்து, பிறகு வழிகாட்டி நாயாகப் பயிற்சி பெறப் போனவள். அந்தப் பெண்ணுக்குப் பார்வை கிடையாது. நாய் கடைசியில் போய்ச் சேரவேண்டிய இடம் அவர்தான். இருவரும் பயிற்சி வளாகத்தின் நடைபாதையில் நேராக வருகிறார்கள். பதினேழாவது விநாடியில் நாய் வலப்பக்கம் திரும்புகிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. வலப்பக்கம் சாலை. அந்தப் பெண்ணின் செருப்பு நடைபாதை விளிம்பில் வழுக்குகிறது. பயிற்சியாளரின் கை குறுக்கே வந்து அவர் தோளைப் பிடிக்கிறது. கேமரா ஆடி வானத்தைக் காட்டுகிறது, முடிந்துவிடுகிறது.

அன்று வேலையில் எனக்கு இரண்டு மீட்டிங் இருந்தன. இரண்டுக்கும் போனேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

நான் மென்பொருள் சோதனை செய்பவள். பிறர் எழுதியதை உடைத்துப் பார்ப்பதும், எந்த வரிசையில் என்ன செய்தால் உடைகிறது என்று எழுதிவைப்பதும் என் வேலை. வீட்டிலும் அப்படித்தான். மளிகைக்கு ஒரு பட்டியல், துணி துவைக்கும் நாளுக்கு ஒரு பட்டியல். வழிகாட்டி நாய் நிறுவனத்துக்காகக் குட்டி வளர்க்க விண்ணப்பித்தபோது படிவத்தில் "ஏன்" என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டு காரணம் எழுதினேன். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்வேன். இரண்டாவது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெங்களூர் ஈஜிபுராவில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள். ஓனர் ஆன்ட்டியின் கணவர் இரவெல்லாம் கார் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுப்பவர். குட்டியைக் கொண்டுவர அனுமதி கேட்கப் போனேன்.

"வளத்துக்கோ, வேணான்னு சொல்லல," என்றார் ஆன்ட்டி. "சத்தம் மட்டும் வரக்கூடாது. எங்க வீட்டுக்காரரு ஏழு மணிக்குப் படுத்தா நாலு மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

"அது குரைக்காம நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி."

"அதும் குரைக்கக்கூடாது, நீயும் குரைக்கக்கூடாது. நாய் வெச்சிருக்கறவங்க நாயவிட ஜாஸ்தி கத்துறாங்க. எதிர்வீட்ல பாக்குறேன்ல."

நான் கத்துகிறவள் இல்லை. சிறுவயதிலிருந்தே குரல் குறைவு.

நிறுவனம் தந்த குறிப்பேட்டில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு கட்டளையும் ஒரே சொல், வாயால், ஒரே தொனியில். சிட். வெயிட். ஃபார்வர்ட். கையால் காட்டாதீர்கள் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள். நான் கையால் காட்டவே இல்லை. அந்த விஷயத்தில் என்மேல் குற்றமில்லை. கண்ணைப் பற்றிக் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.

நடந்தது இப்படி. பகலில் எனக்குக் காதில் ஹெட்செட், திரையில் ஏழெட்டு முகங்கள். கீழே ஒருவர் தூங்குகிறார். குட்டி சார்ஜர் வயரைக் கடிக்கும். நான் பார்ப்பேன். விட்டுவிடும். பாயைப் பார்ப்பேன், போய்ப் படுக்கும். சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் கிண்ணத்தைப் பார்த்ததும் சாப்பிடத் தொடங்கும். தெருவிலும் அதே. சிக்னல் இல்லாத இடத்தில் சாலையைக் கடக்கும்முன் நான் இருபுறமும் மாறிமாறிப் பார்த்தால் நிற்கும். எதிரே பார்த்தால் நடக்கும். தெருநாய்க் கூட்டம் வரும்போது நான் இடது சந்தைப் பார்த்தாலே போதும், அவள் அதற்குள் திரும்பியிருப்பாள். ஐந்து மாதக் குட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மறந்து கண்ணாலேயே அவளை அறையை விட்டு அனுப்பினேன். டீமில் ஒருவர், "மேம், அதுக்கு ரிமோட் எங்க வாங்குனீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா தங்கவயலில் இருக்கிறார். ஒருமுறை காலை ரயிலில் ஏறி வந்து இரண்டு நாள் தங்கினார். அடுப்படியில் நின்றபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னடி இது, முப்பது வருஷம் குடும்பம் நடத்துன புருஷன் பொண்டாட்டி மாதிரி கண்ணாலயே பேசிக்கிறீங்க?"

"சத்தம் போட்டா கீழ எழுந்துடுவாங்கம்மா."

"மெதுவாப் பேசறதுக்கு என்ன கேடு? நீதான் பேசமாட்ட. அதயாவது பேசி வளத்துடி."

அம்மா சரியான இடத்தில் விரலை வைத்திருந்தார். நான் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை.

பயிற்சியாளர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். நாற்பதை நெருங்கும் பெண், பெங்களூரிலேயே பிறந்த தமிழர், பொறுமை போய்விட்டால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அவர் எதிரில் நான் குறிப்பேட்டின்படி ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்வேன். அவளும் பிசகாமல் செய்வாள். அவர் தாளில் டிக் அடிப்பார். ஆனால் சொல்லுக்கு அரை விநாடி முன்பே என் கண் போயிருக்கும். அவள் கேட்டு நடக்கவில்லை, பார்த்து நடந்தாள். இரண்டு உள்ளீடு ஒரே நேரத்தில் போனால், எதற்கு விடை வருகிறது என்று ஒன்றை அடைத்துவிட்டுத்தான் சோதிக்கவேண்டும். முதல் வாரம் சேர்ந்த புதியவருக்கே நான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் பதினான்கு மாதம் அதைச் செய்யவில்லை.

அவளை ஒப்படைத்த நாளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. போர்வை ஒன்று, சீப்பு ஒன்று, தடுப்பூசி அட்டை, உணவு அட்டவணை. கையெழுத்து போட்டேன். வளர்த்தவர்கள் அதன்பின் நாயைப் பார்க்கக்கூடாது என்பது விதி. பழைய வாசனை பக்கத்தில் இருந்தால் புதிய கையோடு ஒட்டாது. அவள் பெயரையும் இங்கே எழுதவில்லை. அது இப்போது வேறொருவர் வாயில் இருக்கும் பெயர்.

பயிற்சியாளரோடு நாலைந்து மாதம் நன்றாகவே நடந்திருக்கிறாள். அவருக்கும் பார்வை இருக்கிறது, அவரும் போகிற திசையைப் பார்க்கிறார். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த நாட்களில் அங்கங்கே தயங்கியிருக்கிறாள். பழக வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டார்கள். வீடியோவில் இருந்த அந்த அக்காவோடு சேர்த்து நடத்தத் தொடங்கிய பிறகுதான் இந்த வலப்பக்கம் வந்தது.

அக்காவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். வயது முப்பத்தைந்துக்கு மேல். இருபதுகளில் ஒரு நோயில் பார்வை போனது. மல்லேஸ்வரத்தில் தம்பியோடு இருந்தார், அப்பா அம்மா இல்லை. வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் ஒரு வங்கிக் கிளை, அதில் வேலை. வெள்ளைக்கோலோடு தனியாகவே போய்வந்தவர். கேபிள் போடத் தோண்டி மூடாமல் விட்ட குழியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன்பிறகு தம்பிதான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தான். இப்போது தம்பிக்குப் புனேவுக்கு மாற்றலாகியிருந்தது. நாய் கிடைத்தால் அக்கா மல்லேஸ்வரத்தில் இருப்பார். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு போவார். இது அவர்கள் வீட்டில் பேசி முடித்துவைத்திருந்த ஏற்பாடு.

அன்று சாயங்காலம் பயிற்சியாளரிடம் வேறு வீடியோக்கள் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று அனுப்பினார். நாலையும் மடிக்கணினியில் போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசை. நாய் தலையைத் தூக்குகிறது. அக்காவின் முகத்தைப் பார்க்கிறது. அக்காவின் கருவிழிகள் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி, நின்று, நடுவுக்கு வருகின்றன. அவை ஒதுங்கிய கணத்தில் நாய் வலப்பக்கம் திரும்புகிறது.

நாலாவது வீடியோவை முழுக்கப் பார்க்கவில்லை. அதற்குமுன்பே தெரிந்துவிட்டது. அவள் பிழை எதுவும் செய்யவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த வளாகத்துக்குப் போனேன். விதியை மீறித்தான் உள்ளே விட்டார்கள். அவள் என்னைக் கண்டதும் செய்த ஆர்ப்பாட்டம் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு மூன்று சோதனை செய்தேன்.

முதலில் வழக்கம்போல், சொல்லும் பார்வையுமாக. எல்லாம் சரியாகச் செய்தாள். அடுத்தது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல் மட்டும். "ஃபார்வர்ட்" என்றேன். நின்றாள், அண்ணாந்து பார்த்தாள், காத்திருந்தாள். மறுபடி சொன்னேன். வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி காத்திருந்தாள். மூன்றாவது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயையே திறக்காமல். நேரே, இடம், நில், வலம், உட்கார், நேரே. ஒன்றுகூடத் தவறவில்லை.

பயிற்சியாளர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"அய்யோ தேவரே," என்றார். பிறகு, "மாசாமாசம் வந்து உன் வீட்ல காபி குடிச்சிட்டு டிக் அடிச்சிட்டுப் போயிருக்கேன். எனக்கும் கண்ணு இருந்துச்சில்ல?"

"அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டா?"

"ரெண்டாவதுல என்ன பண்ணுச்சு, பாத்தல்ல? நின்னுச்சு. நடு ரோட்ல நின்னா அவங்க என்ன செய்வாங்க?"

"மாத்த முடியாதா?"

"முடியலாம். முடியாமலும் போகலாம். முடியலன்னா இது யார் வீட்லயாவது சோபால படுத்துத் தூங்குற நாய். அவங்களுக்கு அடுத்த நாய் ரெடியாக ஒரு வருஷம் மேல ஆகும்." பிறகு என்னைப் பார்த்து, "அவங்ககிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்."

அக்கா கேன்டீன் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில். நான் போய் நின்றதும் தலையைத் திருப்பினார்.

"யாரு, நம்ம நாயோட அம்மாவா? உக்காருங்க. குரலே வரல? நாய்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"நாய்கிட்ட நான் பேசவே இல்லக்கா. அதுதான் பிரச்சனை."

வரிசையாகச் சொன்னேன். கீழ்வீட்டுத் தூக்கம், ஹெட்செட், கிண்ணம், வீடியோ, மூன்று சோதனை.

"அப்ப அது என் கண்ணப் பாத்துத்தான் திரும்புச்சா?"

"ஆமாக்கா."

"என் கண்ணு எங்க போகுதுன்னு எனக்கே தெரியாதே."

"ரைட் பக்கம்க்கா," என்றான் தம்பி. "டென்ஷனானா கொஞ்சம் ஜாஸ்தி."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருக்கியாடா?"

"எதுக்குச் சொல்றது?"

அக்கா விரல்களால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கமேல கோவமில்லன்னு நான் சொல்லமாட்டேன்," என்றார்.

"சரிக்கா."

"சும்மா மரியாதைக்குக்கூட சொல்லமாட்டேன். எத்தன வாரம் ஆகும்?"

"அஞ்சு வாரம் கேக்குறாங்க. ஆனா உறுதி கிடையாது."

"இவன் ஆறாவது வாரம் கிளம்புறான். எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டான்."

"வேணும்னா கேன்சல் பண்ணிக்கலாம்க்கா," என்றான் தம்பி.

"எத? டிக்கெட்டயா, நாயயா?"

தம்பி சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் வளாகத்தில் அவள் எதிரே வந்த எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள், கேன்டீன் சமையல்காரர் உட்பட. "சினிமா ஷூட்டிங் மாதிரி இருக்கு, ஹீரோயின் மட்டும் நாலு காலு," என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூக்கு முன்பக்கம் இருக்கும்போது மட்டுமே தின்பண்டம். அண்ணாந்து முகத்தைப் பார்த்தால் எதுவும் கிடையாது. திட்டும் கிடையாது. பழக்கம் என்னோடுதான் மிக ஆழமாக இருந்தது, அதனால் சனி ஞாயிறுகளில் நானும் போகவேண்டும் என்றார் பயிற்சியாளர். என் கண்ணைத் துணியால் கட்டி, கைப்பிடியைக் கையில் கொடுத்தார்.

கண்ணைக் கட்டிய பிறகு அவளைத் தெரிந்துகொள்ள அந்தக் கைப்பிடி ஒன்றுதான் இருந்தது. அவள் தலையைத் தூக்கினால் பட்டை தோளில் நகர்ந்து கைப்பிடி உள்ளங்கையில் ஒரு நூல் பின்னால் சாயும். அதை எண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவ்வளவு முறை. இரண்டாம் வாரம் ஒரு நடையில் முப்பத்தொன்று. மூன்றாம் வாரம் பன்னிரண்டு. ஒவ்வொரு சாய்வும் ஒரு கேள்வி என்பது எனக்குத் தெரியும். பதினான்கு மாதமாக நான் உடனுக்குடன் விடை தந்துவந்த கேள்வி. இப்போது துணிக்குப் பின்னால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, விடை சொல்லாமல் நிற்கவேண்டியிருந்தது. அவள் மூச்சு கேட்கும். நகம் சிமென்டில் இடம் மாறுவது கேட்கும். பிறகு மெல்ல, விருப்பமில்லாமல், முன்னால் ஓர் அடி.

நாலாம் வாரம் சிவாஜிநகர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைகளைத் தாண்டிக் கறிக்கடை வரிசை. நாயின் மூக்குக்கு அதைவிடக் கடினமான தெரு கிடையாது என்று பயிற்சியாளர் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு கை தூரத்தில் அவர் பின்னால் வந்தார். எனக்குக் கேட்டதெல்லாம் கத்தி கட்டையில் விழும் சத்தமும் ஹாரனும். கறிக்கடைகளை அவள் தாண்டிவிட்டாள், வேகம்கூட மாறவில்லை. திடீரென நின்றாள்.

"ஃபார்வர்ட்," என்றேன்.

நகரவில்லை. கைப்பிடி சாய்ந்தது. கறியில்தான் மனம் போய்விட்டது என்று நினைத்தேன். "ஃபார்வர்ட்," என்று கைப்பிடியையும் முன்னால் தள்ளினேன். அவள் உடம்பை என் முழங்காலுக்குக் குறுக்கே போட்டாள்.

பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல். "அரே மேடம், நாய் நிக்குது, நீங்க தள்றீங்க? முன்னாடி சாக்கடைமேல ஸ்லாப் இல்ல!"

"பாய், சும்மா இருங்க, டெஸ்ட் நடக்குது," என்றார் பயிற்சியாளர்.

"என்னா டெஸ்ட்டு, அந்தம்மா உள்ள விழுறதா?"

நான் தள்ளுவதை நிறுத்தினேன். என் முகத்தில் துணி மட்டுமே இருந்தது. அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்திருக்கவேண்டும். பிறகு கைப்பிடி தானாக முன்னால் வந்தது. அவள் தலையைத் தாழ்த்தினாள். இடப்பக்கம் இரண்டடி, கடைப்படியை ஒட்டி ஐந்தடி, மறுபடி நேரே. சாக்கடையின் வாடை என் வலப்பக்கமாகக் கடந்து போனது.

ஐந்தாம் வாரக் கடைசியில் முழு நடைக்கு ஒரே ஒருமுறை தலையைத் தூக்கினாள். பயிற்சியாளர் தாளில் எதுவும் எழுதவில்லை.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். "நீ."

அக்கா அவளோடு வீட்டிலிருந்து வங்கிவரை நடப்பார். வழியில் நான் நிற்கவேண்டும். கண்ணாடி இல்லை, துணி இல்லை. அக்காவுக்குத் தெரியாது. அவள் என்னை ஒரு தடையாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

"உன்னத் தாண்டிட்டான்னா எதயும் தாண்டுவா. பேசாத, நகராத. கண்ண மூடாத. மூடுனா டெஸ்ட் இல்ல. ஆனா கண்ணால ஒண்ணும் சொல்லவும் கூடாது. முடியுமா?"

"தெரியல," என்றேன். அது உண்மை.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. மல்லேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகும் குறுக்குத்தெரு. அவர்கள் வரும் திசைக்கு இடப்பக்கம் மதிலை ஒட்டி நடைபாதைமேலேயே இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். வலப்பக்கம் சாலை. நான் ஸ்கூட்டருக்கும் விளிம்புக்கும் நடுவில் நின்றேன். எனக்கும் ஸ்கூட்டருக்கும் இடையில் ஒரு நாய் மட்டும் போகலாம், நாயும் ஆளும் போகமுடியாது. சரியான வழி, விளிம்பில் நின்று, அக்காவின் சொல்லுக்குக் காத்திருந்து, சாலையில் இறங்கி என்னைச் சுற்றி மறுபடி ஏறுவது.

மரத்தடியில் பூ விற்பவரைத் தாண்டி அவர்கள் வருவது தெரிந்தது. அக்கா வங்கிக்குப் போகும் புடவையில், தோளில் பை. பயிற்சியாளர் பத்தடி பின்னால்.

அவள் என்னை எப்போது கண்டாள் என்று எனக்குத் தெரியும். காது முன்னால் மடிந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்து உடனே போயிற்று. இரண்டடி தூரத்தில் வந்து நின்றாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கவில்லை. சாலைப்பக்கம் ஓர் இமை அசைவு போதும். அவள் அழகாக விளிம்புக்குப் போவாள், பயிற்சியாளர் தாளில் டிக் அடிப்பார், அக்கா வேலைக்குப் போவார். யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் நான் இல்லாத ஒரு தெருவில் அவள் அண்ணாந்து அக்காவின் கண்ணைப் பார்ப்பாள், அது வலப்பக்கம் ஒதுங்கும். இதெல்லாம் அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை. அவள் மூக்கின் மேல் இருக்கும் சின்ன வெள்ளைத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கண்ணில் நீர் கோத்தது. சிமிட்டினால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்வாளோ என்று சிமிட்டவில்லை.

"என்னம்மா?" என்றார் அக்கா அவளிடம். "யாராச்சும் நிக்கிறாங்களா?" பிறகு என் திசையில், "எக்ஸ்கியூஸ் மீ, கொஞ்சம் வழி விடுறீங்களா?"

நான் பேசவில்லை. அக்கா காத்திருந்தார். கன்னடத்திலும் ஒருமுறை கேட்டார்.

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் ஒருமுறை, பாதி தூரம், அசைந்து நின்றது. பிறகு தலையை இறக்கினாள். ஸ்கூட்டர் பக்கத்து இடைவெளியைப் பார்த்தாள். அக்காவின் பக்கம் உடம்பைக் கொஞ்சம் சாய்த்தாள், அளவெடுப்பதுபோல. அது போதாது என்று அவளே முடிவுசெய்தாள். வலப்பக்கம் திரும்பி விளிம்பில் போய் நின்றாள். அண்ணாந்து பார்க்கவில்லை.

அக்கா காலால் விளிம்பைத் தொட்டுப்பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாலையைக் கேட்டார். ஓர் ஆட்டோ போகும்வரை நின்றார். "ஃபார்வர்ட்," என்றார், சத்தமாக, தெளிவாக.

இறங்கினார்கள். அக்காவின் புடவை முந்தானை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் போயிற்று. எனக்குப் பின்னால் நகங்கள் மறுபடி சிமென்டில் ஏறுவது கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பயிற்சியாளர் என்னைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்காமல், "உயிர் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப வீட்டுக்குப் போ. பின்னாடி வராத."

பேருந்து நிறுத்தம் எதிர்த்திசையில் இருந்தது. நடந்தேன்.

தம்பி தனியாகத்தான் புனேவுக்குப் போனான். அக்கா தினமும் காலையில் அவளோடு அந்தத் தெருவில் போகிறார் என்று பயிற்சியாளர் சொன்னார். அவர்களை நான் மறுபடி பார்க்கவில்லை. அது விதி. அந்தப் புதன்கிழமை மாலை அக்கா அவருக்கு போன் செய்து அரைமணி நேரம் பேசியிருக்கிறார். பேச்சில் பாதி, தூண் மாதிரி நடுவழியில் நின்ற ஒருத்தியைப் பற்றித்தானாம். ரெண்டு பாஷையில வழி கேட்டேன், வாயத் திறக்கல, என்ன ஜென்மமோ, இவதான் சமாளிச்சுக் கூட்டிட்டுப் போனா.

"சொல்லட்டுமா, அது யாருன்னு?" என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னேன்.